எந்த நாட்டு கேலன்

மத்திகிரி
8.7.2024

மாதேஸ்வரி அக்காவுக்கு,

ஜெயப்ரியா எழுதுகிறேன். என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் வீட்டுக்காரர் முனிவேல் அண்ணனும் உங்கள் தம்பி ஜெகதீஷும் வேலை பார்த்த ஓசூர் கம்பெனியில் லேபில் இருக்கிறேன். போல்ட், நட்டுகளில் இருக்கிற எண்ணெயைப் போக்கக் கொதிக்கிற காஸ்டிக் சோடாத் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள் இல்லையா, அந்தத் தண்ணீரைச் சோதிப்பது என் வேலை.

மூன்று நாளாக உங்கள் நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். உங்கள் ஊரில் சிக்னல் கிடையாது என்று பிறகுதான் சொன்னார்கள். அதனால்தான் கடிதம்.

ஜெகதீஷின் காரியத்துக்கு வரவேண்டும் என்று கிளம்பினேன். அஞ்செட்டி வரை வந்துவிட்டேன். அங்கே ஒரு ஆட்டோக்காரர் உங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதுமே, "அந்த செத்துப்போன பையன் ஊட்டுக்கா?" என்றார். ஒரு மணி நேரம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்த பஸ்ஸிலேயே திரும்பினேன். மன்னித்துவிடுங்கள்.

ஜெகதீஷ் எங்கள் லேபுக்கு சாம்பிள் பாட்டில் கொண்டுவந்து கொடுக்கும்போதெல்லாம், "மேடம், இன்னிக்கு பாஸா பெயிலா?" என்று கேட்பான். இருபத்தொரு வயசுப் பிள்ளை. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போகிற அளவுக்கு அவன் யாருக்கு என்ன செய்தான் என்று தினமும் நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். முனிவேல் அண்ணன் மேல் தயவுசெய்து கோபம் வைக்காதீர்கள். மேல் டேங்கில் அளவு கொஞ்சம் தாண்டிவிட்டது, கீழ்த் தொட்டி வழிந்து ஜெகதீஷ் மேல் கொட்டிவிட்டது. கை தவறுவது மனிதருக்கு வருவதுதான். வேண்டுமென்று செய்வாரா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெயப்ரியா


17.7.2024

ஜெயப்ரியா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. தபால்காரர் வாரத்தில் இரண்டு நாள்தான் மேலே ஏறுகிறார், அதனால் இத்தனை நாள்.

கை தவறியது என்று உங்களுக்கு யார் சொன்னது? நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தீர்களா? கம்பெனிக்காரர்களும் இதையே சொல்கிறார்கள், தாளில் அடித்து சீல் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். 'இயக்குபவரின் கவனக்குறைவு.' நான் பன்னிரண்டாவது படித்தவள். அந்த இரண்டு வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியும்.

எங்கள் சங்கதியை உங்களுக்குச் சொல்கிறேன், அப்புறம் நீங்கள் பதில் சொல்லுங்கள். முனிவேல் எனக்குச் சொந்த மாமன் மகன். இதே ஊர். என் அம்மா சென்னம்மா அவருக்கு அத்தை. ஜெகதீஷை ஓசூருக்கு அழைத்துப்போனதே அவர்தான். அம்மா வேண்டாம் என்றாள். இவர்தான், "மாடு மேச்சிக்கிட்டே கெடக்கச் சொல்றியா அத்தே? நான் பக்கத்துலயே வெச்சிப் பாத்துக்கறேன்" என்று அழைத்துப்போனார். பக்கத்திலேயேதான் வைத்திருந்தார். மேலே இவர் வால்வைத் திறக்க, கீழே அவன் நின்றான்.

இப்போது நானும் மகளும் அம்மா வீட்டில். அவர் தன் பெரியப்பாவின் மாட்டுக் கொட்டகையில் படுத்துக்கொள்கிறார். அம்மா அவரை வாசல் ஏற விடுவதில்லை. சாப்பாடு நான் கொடுத்தனுப்பினால் அம்மா கன்னடத்தில் சாபம் விடுகிறாள். அவள் கோபம் வந்தால் கன்னடத்தில்தான் பேசுவாள்.

ஊரில் ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். ஆடி அமாவாசை அன்று மாதேஸ்வரன் கோயிலில் கற்பூரத்தட்டை வாங்கிக்கொண்டு, 'எனக்குச் சொன்ன கோட்டிலேதான் நிறுத்தினேன், தாண்டவில்லை' என்று அவர் சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் அம்மா அவரை வீட்டுக்குள் சேர்த்துக்கொள்வாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது. எங்கள் பக்கம் மாதேஸ்வரன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் வம்சத்தோடு போவான் என்று பயம் உண்டு. ஒருத்தரும் விளையாட்டுக்குத் தட்டைத் தொட மாட்டார்கள்.

அவர் என்னிடம் சொல்வது இதுதான்: "கண்ணாடிக் குழாயில தொண்ணூறு கோட்டுல நிறுத்துனேன் மாதேசு. பேப்பர்ல தொண்ணூறுதான் இருந்திச்சி." அந்தப் பேப்பரை எழுதி ஒட்டினது லேப் மேடம் என்கிறார். அது நீங்கள்தானே?

தொண்ணூறில் நிறுத்தினால் கீழே வழியுமா, வழியாதா? ஆறுதல் எல்லாம் வேண்டாம். இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். ஆகஸ்ட் நாலாம் தேதி அமாவாசை.

மாதேஸ்வரி


மத்திகிரி
24.7.2024

அக்கா,

அந்தப் பேப்பரை எழுதியது நான்தான்.

நீங்கள் கேட்டதால் விவரமாகவே சொல்கிறேன். மேல் டேங்கில் கோடு வரை தண்ணீர் பிடித்து, வால்வைத் திறந்து முழுவதையும் கீழ்த் தொட்டிக்கு விடுவார்கள். மேல் டேங்க் பழசு. பெங்களூரில் மூடிப்போன ஏதோ ஆலையிலிருந்து எடுத்து வந்தது, இங்கிலாந்தில் செய்தது. அதன் கண்ணாடிக் குழாய்க்குப் பின்னால் பித்தளைத் தகட்டில் கோடுகள் உண்டு, எல்லாம் கேலனில். கீழ்த் தொட்டி நம் ஊரில் செய்தது, நானூறு லிட்டர் பிடிக்கும். போல்ட் கூடை இறங்க இடம் விட்டு முந்நூற்று நாற்பது லிட்டர்தான் விட வேண்டும். இந்த வருஷம் ஆடிட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றார்கள். எத்தனை கேலன் கோட்டில் நிறுத்தினால் முந்நூற்று நாற்பது லிட்டர் வரும் என்று கணக்குப் போட்டு, அச்சடித்து, லேமினேஷன் செய்து மே முப்பதாம் தேதி ஒட்டினேன். பதினைந்து நாளுக்கு ஒரு முறைதான் தண்ணீர் மாற்றுவார்கள். ஜூன் பதினொன்றாம் தேதிதான் அந்தப் பேப்பரைப் பார்த்து முதல் முறையாக நிரப்பினார்கள்.

ஒரு கேலன் என்றால் 3.785 லிட்டர். தொண்ணூறால் பெருக்கினால் முந்நூற்று நாற்பது. இன்று காலை மறுபடியும் மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மாறவில்லை. நானூறு லிட்டர் தொட்டியில் முந்நூற்று நாற்பது லிட்டர் எப்படி வழியும்?

தொண்ணூறில் நிறுத்தியிருந்தால் வழிந்திருக்காது அக்கா. கணக்கு அப்படித்தான் சொல்கிறது. அந்தக் குழாயில் ஆவி படிந்திருக்கும், கோடு சரியாகத் தெரியாது. தொண்ணூறு என்று நினைத்து நூறு வரை போயிருக்கலாம். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. தப்பாகப் பார்த்திருப்பார்.

இதை எழுதவே கை கூசுகிறது. ஆனால் நீங்கள் நேராகக் கேட்டீர்கள். சாமி முன்னால் நிற்கப்போகிற விஷயத்தில் நான் வாய்க்கு வந்ததை எழுதக்கூடாது.

ஜெயப்ரியா


6.8.2024

ஜெயப்ரியாவுக்கு,

அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலம் கொட்டகைக்குப் போய் உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டார். 3.785 என்பதை இரண்டாவது தடவை படிக்கச் சொன்னார். பிறகு சொன்னார்: "அவங்க படிச்சவங்க. மூணு தபா போட்டுப் பாத்திருக்காங்க. கணக்கு தப்பாது. அப்ப எங்கண்ணுதான் தப்பு."

நான் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் கோயிலில் ஊரே நின்றது. பூசாரி தட்டை நீட்டினார். இவர் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து தட்டை வாங்கினார். கற்பூரம் எரிகிறது. வாயைத் திறக்கிறார், வார்த்தை வரவில்லை. இரண்டு மாசமாகத் தொண்ணூறு தொண்ணூறு என்று என்னிடம் சொன்ன மனுஷன். கடைசியில் தட்டைத் தரையில் வைத்துவிட்டு என் அம்மா காலில் விழுந்துவிட்டார். "நாந்தான் அத்தே. நாந்தான் தாண்டிட்டேன் போல இருக்குது. தெரியலை அத்தே." அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அம்மா காலை இழுத்துக்கொண்டாள். என் சித்தப்பாமார்கள் காறித் துப்பினார்கள். எங்கள் மகள் அவரிடம் ஓடப் பார்த்தாள். நான்தான் பிடித்துக்கொண்டேன்.

மத்தியானம் பஸ்ஸில் அவர் போய்விட்டார். எங்கே என்று கேட்க யாரும் இல்லை. நானும் கேட்கவில்லை. என் தம்பியைக் கொன்ற கை என்று அன்றைக்கு எனக்கும் தோன்றிவிட்டது. ஏழு வருஷம் பிசைந்து சோறு ஊட்டின கை அது.

நேராகப் பதில் எழுதியதற்கு நன்றி. இனிமேல் எழுத வேண்டாம்.

மாதேஸ்வரி


மத்திகிரி
2.9.2024

அக்கா,

எழுதாதே என்றீர்கள். எழுதித்தான் ஆகவேண்டும். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், முழுசும் படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

முனிவேல் அண்ணன் தாண்டவில்லை. தொண்ணூறில்தான் நிறுத்தினார். தப்பு என்னுடைய பேப்பரில்.

முதலில் நான் மறைத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேப்பர் ஒட்டிய அன்று முனிவேல் அண்ணன் என்னிடம் வந்து, "மேடம், நாராயணப்பண்ணன் இருந்தப்ப எழுவத்தஞ்சிலதான் நிறுத்துவோம். நானும் அப்படித்தான் பண்றேன். இதுல தொண்ணூறு போட்டிருக்குதே?" என்று கேட்டார். நாராயணப்பன் என்பவர் அவருக்கு முன்னால் அந்த டேங்கைப் பார்த்துக்கொண்டவர், மார்ச்சில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவரு கண்ணளவுல குறைச்சலா ஊத்தி வேலையை முடிச்சிருக்காரு அண்ணா. இது கணக்கு. பேப்பர்ல உள்ளதைப் பண்ணுங்க." புரிந்தது என்று ஒரு தாளில் அவரிடம் கையெழுத்தும் வாங்கினேன். போன கடிதத்தில் இதை எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. என் மேல் சந்தேகம் வந்துவிடுமோ என்று பயந்தேன். இதுதான் உண்மை.

கோயிலில் நடந்ததை நீங்கள் எழுதிய பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த எழுபத்தைந்து மண்டைக்குள்ளேயே நின்றது. போன ஞாயிற்றுக்கிழமை நாராயணப்பன் வீட்டைத் தேடிப் போனேன். பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தார். ஏன் எழுபத்தைந்து என்று கேட்டேன். அவருக்கு எரிச்சல். "நான் போயி மூணு மாசத்துல ஒரு ஆளை சாவடிச்சிட்டு இப்ப வந்து கேக்கறீங்களா? கேன் கணக்குதாம்மா. டேங்கு வந்த புதுசுல முந்நூத்தி நாப்பது லிட்டர் வேணும்னாங்கோ. அந்தத் தகட்டு நம்பர் எனக்கு என்னா தெரியும்? இருவது லிட்டர் தண்ணிக் கேனு பதினேழு எண்ணி ஊத்துனேன். எழுவத்தஞ்சுல வந்து நின்னுச்சி. அதோட விட்டுட்டேன்" என்றார்.

பதினேழு இருபது முந்நூற்று நாற்பது. அது எழுபத்தைந்தில் நின்றது என்றால் அந்த டேங்கின் ஒரு கேலன் நாலரை லிட்டருக்கு மேல். நான் போட்டது மூணே முக்கால் சொச்சம்.

கேலன் இரண்டு உண்டு அக்கா. இங்கிலாந்து கேலன் 4.546 லிட்டர். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். ஒரே பெயர், அளவு வேறு. பைன்ட், அவுன்ஸ் என்று அவர்களுடைய மற்ற அளவுகளும் இப்படித்தான், இரண்டு நாட்டுக்கும் வேறு வேறு. நான் போனில் கேலன் என்று அடித்தேன், அது அமெரிக்கக் கணக்கைக் காட்டியது. எந்த நாட்டு கேலன் என்று போன் கேட்கவில்லை. டேங்கின் மேல் இங்கிலாந்து என்று எழுதியிருப்பதைத் தினமும் பார்த்த நானும் கேட்கவில்லை. டிப்ளமோ படித்திருக்கிறேன். மூன்று முறை பெருக்கிப் பார்த்தேன், பெருக்கல் சரியாகத்தான் இருந்தது. தப்பான எண்ணை முந்நூறு முறை பெருக்கினாலும் அப்படித்தான் வரும்.

அந்த டேங்கில் தொண்ணூறு என்பது நானூற்று ஒன்பது லிட்டர். தொட்டி பிடிப்பது நானூறு. அதில் கூடை வேறு இறங்கியிருந்தது. மேலே நின்றவருக்குக் கீழ்த் தொட்டி தெரியாது, புகைக்கூண்டு மறைத்துக்கொண்டிருக்கும். ஜெகதீஷ் கத்தின பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. இதில் முனிவேல் அண்ணன் செய்த தப்பு ஒன்றே ஒன்று, நான் சொன்னதைக் கேட்டார்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். "அந்த டேங்கை வெட்டி இரும்புக்குப் போட்டாச்சு. பேப்பரும் இல்லை. நீ ஏம்மா இப்ப கிளப்பறே? உனக்குக் கல்யாணம் ஆக வேணாமா?" என்றார். நான் எல்லாவற்றையும் எழுதி, நாராயணப்பன் சொன்னதையும் சேர்த்து, கிருஷ்ணகிரிக்குப் போய் தொழிற்சாலை ஆய்வு அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் கேட்டில் என் கார்டு வேலை செய்யவில்லை. அவ்வளவுதான் என் வேலை.

மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை. இதை உங்கள் அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். முனிவேல் அண்ணன் எங்கே இருந்தாலும் வரச் சொல்லுங்கள்.

ஜெயப்ரியா


15.9.2024

ஜெயப்ரியா,

உன் கடிதம் வந்து மூன்று நாள் அரிசி டப்பா மேல் கிடந்தது, பிரிக்கவில்லை. இனிமேல் உன்னை நீ என்றுதான் எழுதுவேன்.

நீ நாசமாகப் போக. இதை எழுதிவிட்டு அடிக்க வேண்டும் என்று பார்த்தேன், அடிக்கவில்லை. இருக்கட்டும். ஜூலையிலேயே அந்த எழுபத்தைந்தை நீ எழுதியிருந்தால் அந்த மனுஷன் இந்நேரம் வாசலில் உட்கார்ந்து மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருப்பார். உன் பயத்துக்கு என் குடி போச்சு. தம்பியைக் கொன்றதாவது தெரியாமல் செய்தாய். இதைத் தெரிந்தே செய்தாய்.

அம்மாவுக்கு மூன்று தடவை படித்துச் சொன்னேன். அவளுக்கு கேலனும் தெரியாது லிட்டரும் தெரியாது. எங்கள் வள்ளத்தை எடுத்துக் காட்டினேன், ராகி அளப்போமே, அது. நம் ஊர் வள்ளத்தைவிட அந்தப் பக்கம் கன்னடத்து ஊரில் வள்ளம் பெரிசு என்று நீயே சொல்வாயே அம்மா, அதே மாதிரிதான் என்றேன். உடனே புரிந்துவிட்டது. படிக்காத கிழவிக்குப் புரிகிறது, உனக்குப் புரியவில்லை. பிறகு அவர் காலில் விழுந்த இடத்தைத் தடவுகிற மாதிரி பாதத்தைத் தடவிக்கொண்டு, "அவன வரச் சொல்லுடி. சத்தியமும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றாள்.

அவர் ஜூஜுவாடியில் லாரி நிற்கிற யார்டு ஒன்றில் மூட்டை இறக்குகிறார் என்று எங்கள் ஊர் மாரம்மாவின் மகன் கௌதம் பார்த்திருக்கிறான். போன் வைத்துக்கொள்ளவில்லையாம். யார்டு விலாசம் இந்தக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

நீ போ. நான் போகவேண்டியதுதான். எனக்கு முகம் இல்லை. அவர் கோயிலை விட்டு நடக்கும்போது ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தார், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த முகத்தை எடுத்துக்கொண்டு எப்படிப் போய் நிற்பேன்? உன் வாயால் தொண்ணூறு என்று சொன்னாய், உன் வாயாலேயே போய்ச் சொல். அழைத்து வந்து பஸ் ஏற்றிவிடு.

மாதேஸ்வரி


மத்திகிரி
29.9.2024

அக்கா,

போனேன். நேற்று மத்தியானம் பார்த்தேன்.

பாதியாக இளைத்துவிட்டார். தாடி. என்னைக் கண்டதும் பழக்க தோஷத்தில் தலைத்துண்டை அவிழ்த்து, "வாங்க மேடம்" என்றார். அந்த மேடம் என்னைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. டீக்கடைக்கு அழைத்துப்போனேன். டீயைக் கையில் வாங்கவில்லை. பெஞ்சில் வைக்கச் சொல்லி, ஆறின பிறகு குடித்தார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். நாராயணப்பன், பதினேழு கேன், இரண்டு கேலன், எல்லாம். இருபது லிட்டர் கேன் ஒன்றும், கோடு போட்ட இரண்டு வாளியும் எடுத்துப் போயிருந்தேன், தண்ணீரை ஊற்றிக் காட்டலாம் என்று. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "மாதேசு சொல்லி அனுப்புனாளா?" என்று கேட்டார்.

"ஆமாம் அண்ணா. அக்காவும் உங்க அத்தையும் உங்களைக் கூப்பிடறாங்க" என்றேன்.

சிரித்தார் அக்கா. கோபமில்லாத சிரிப்பு. "நீங்க நல்லவங்க மேடம். எம் பாவத்தை உங்க தலைமேல போட்டுக்கிட்டு என்னை ஊட்டுக்கு அனுப்பலாம்னு பாக்கறீங்க. எம் பொண்டாட்டியும் அழுதிருப்பா. அதுக்குன்னு ஒரே பேருக்கு ரெண்டு அளவுன்னா எப்படி? எவனாச்சும் அப்படி வெப்பானா? லிட்டருன்னா லிட்டருதானே?" என்றார்.

நான் போனை எடுத்து அடித்துக் காட்டினேன். இங்கிலாந்து கேலன், அமெரிக்க கேலன், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தது. "பாருங்கண்ணா" என்று நீட்டினேன்.

அவர் பார்க்கவில்லை. "அன்னிக்கும் இதே போன்லதானே பாத்தீங்க?" என்றார்.

நான் அழுதேன். கடையில் எல்லோரும் பார்த்தார்கள். அவர்தான் எனக்குத் தண்ணீர் வாங்கிக்கொடுக்கச் சொன்னார்.

"தாண்டிட்டேன்னு ஆன பொறவுதான் கொஞ்சம் தூக்கம் வருது மேடம். தாண்டலைன்னா, அந்தப் பையன் எதுக்குச் செத்தான்னு தெனம் கேட்டுக்கிட்டே கெடக்கணும். என்னை விட்டுடுங்க" என்றார். லாரி வந்துவிட்டது என்று எழுந்து போய்விட்டார். வாளிகளை மடித்துப் பையில் வைக்க முடியாது, அவற்றைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

என்னால் முடியவில்லை அக்கா. நீங்கள் போனால் கேட்பார். உங்கள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். உடனே போங்கள், தாமதிக்காதீர்கள்.

ஜெயப்ரியா


10.10.2024

ஜெயப்ரியா,

உன் கடிதம் கிடைத்த அன்றே கிளம்பிவிட்டோம். நானும் அம்மாவும் மகளும். அஞ்செட்டியிலிருந்து தேன்கனிக்கோட்டை, அங்கிருந்து ஓசூர், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ஜூஜுவாடி. அம்மா ராகிக் களி உருண்டையும் அவருக்குப் பிடித்த அவரைக்காய்க் குழம்பும் தூக்குச்சட்டியில் எடுத்து வந்தாள். பஸ் மாறும்போதெல்லாம் மூடியைத் திறந்து கெட்டுப்போயிருக்கிறதா என்று மோந்து பார்த்தாள்.

அவர் அங்கே இல்லை.

நீ வந்துபோன மறுநாளே போய்விட்டாராம். கூட வேலை செய்தவன் சொன்னான்: "யாரோ படிச்ச பொம்பளை தேடி வந்து அழுதுட்டுப் போனாங்கோ. அதுக்கப்புறம் அவன் சோறே திங்கலை. இனி ஊருலேருந்து ஒவ்வொருத்தரா வருவாங்க, என்னால பாக்க முடியாதுன்னான். காலையில வடக்க போற லாரியில கிளீனரா ஏறிட்டான்." எந்த லாரி, எந்த ஊர் என்று ஒருத்தனுக்கும் தெரியவில்லை. வடக்கே என்றால் எத்தனை ஊர் இருக்கிறது.

அம்மா அந்தப் புழுதியில் லாரிகளுக்கு நடுவில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். ஜெகதீஷுக்கு அழுததைவிட அதிகமாக அழுதாள். மகள் ஒவ்வொரு லாரியாக எட்டி எட்டிப் பார்த்தாள். இருட்டும் வரை இருந்துவிட்டு, குழம்பை அந்தப் பையன்களுக்கே கொடுத்துவிட்டுத் திரும்பினோம்.

போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். போட்டோ கேட்டார்கள். எங்கள் கல்யாணப் போட்டோவில் இருந்து அவரை மட்டும் வெட்டிக் கொடுத்தேன், வேறு போட்டோ இல்லை. கிருஷ்ணகிரியிலிருந்து உன் மனுவுக்கு எங்களுக்கும் ஒரு பதில் வந்திருக்கிறது, விசாரிப்பார்களாம். விசாரித்து அவர் பேரில் தப்பில்லை என்று எழுதினாலும் அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது?

உன்னைத் திட்டித் திட்டி எனக்கே வாய் ஓய்ந்துவிட்டது. இன்று சேமியா கிண்டும்போது அப்படியே நின்றுவிட்டேன், அடி பிடித்துப் புகைந்த பிறகுதான் பார்த்தேன். என்ன நினைத்தேன் என்று உனக்கு எழுதிவிடுகிறேன், வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

நீ எண்ணை நம்பினாய். அவர் உன்னை நம்பினார். உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு சாக்கு இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது? நான் அந்த டேங்கைப் பார்த்ததில்லை, கேலன் என்ற சொல்லைக் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மனுஷனைத்தான். ஏழு வருஷத்தில் ஒரு பொய் சொன்னதில்லை. சந்தையில் ஒரு முறம் வாங்கினால்கூட என்ன விலை என்று உள்ளதைச் சொல்கிறவர்.

ஆஸ்பத்திரி வாசலில், தம்பி உள்ளே கிடக்கும்போதே, என் கையைப் பிடித்துக்கொண்டு தொண்ணூறிலேதான் நிறுத்தினேன் என்று அவர் சொன்னார். நான் அதை உனக்குக் கடிதம் எழுதிக் கேட்டேன்.

மாதேஸ்வரி